பாலாற்றங்கரைக் கோயில்களும் கோட்டையும்: வேலூரைச் சுற்றிப் பார்க்க முழுமையான வழிகாட்டி

வேலூருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் திட்டம் போடுகிறார்கள். காலையில் ஸ்ரீபுரம் பொற்கோயில், மதியம் கோட்டை, சாயங்காலம் இரத்தினகிரி, நேரம் இருந்தால் சோளிங்கர். தாளில் எழுதிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பொற்கோயிலை விட்டு வெளியே வரும்போதே உச்சிவேளை ஆகிவிடும். கோட்டைக்குள் போனால் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் நடை சாத்தியிருப்பார்கள். செருப்பில்லாத கால் கருங்கல்லில் பட்டதும் குழந்தை அழ ஆரம்பிக்கும். அப்புறம் சோளிங்கர் எங்கே போவது?

இடங்களைப் பெயர் பெற்ற வரிசையில் அடுக்குவதால் வரும் வினை இது. நடை சாத்தும் நேரம், வெயில், ஆற்றின் எந்தக் கரை என்ற மூன்றையும் வைத்து அடுக்கிப் பாருங்கள். அதே இடங்களை அலைச்சல் இல்லாமல் பார்த்துவிடலாம். கீழே சொல்வதெல்லாம் அந்த வரிசைதான்.

1. முதலில் எது எந்த மாவட்டம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெரியவர்கள் இன்னும் வட ஆற்காடு என்று சொல்லும் பகுதி 1989-இல் இரண்டாகி, திருவண்ணாமலை தனியே போனது. மிஞ்சியது பிறகு வேலூர் மாவட்டம் என்று பெயர் பெற்று, 2019-இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "வேலூர் மாவட்டக் கோயில்கள்" என்று தேடினால் கிடைக்கும் பட்டியல்களில் பாதி, பிரிவினைக்கு முந்தையவை. அதில் இருக்கும் சோளிங்கரும் ஆற்காடும் இரத்தினகிரியும் இன்று இராணிப்பேட்டை மாவட்டம். "எல்லாம் ஒரே மாவட்டம்தானே, பக்கத்தில்தான் இருக்கும்" என்று நம்பி ஒரே நாளில் போட்டால் பாதிப் பொழுது சாலையிலேயே போய்விடும்.

இன்னொன்று, ஊர்ப் பெயர். தேவாரப் புத்தகத்தில் திருவல்லம் என்று இருக்கும். பேருந்துப் பலகையிலும் ரயில் நிலையத்திலும் திருவலம். வள்ளிமலை வேறு ஊர். ஆட்டோக்காரரிடம் "வல்லம்" என்று மொட்டையாகச் சொன்னால் எங்கே கொண்டுபோய் விடுவார் என்று சொல்ல முடியாது. கோயில் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

2. டிக்கெட் போடுவதற்கு முன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள்

ரயில் டிக்கெட்டை எடுத்துவிட்டு நாளைப் பார்ப்பதுதான் வழக்கம். அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். ஏனென்றால் இந்தப் பகுதியில் சில நாட்களில் கூட்டம் பல மடங்காகிவிடும்.

பௌர்ணமி அன்று வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குக் கிரிவலக் கூட்டம் கிளம்பும். நீங்கள் திருவண்ணாமலை போகவில்லை என்றாலும், சாயங்காலம் பேருந்து நிலையத்தில் அந்தக் கூட்டத்துக்கு நடுவேதான் நிற்க வேண்டியிருக்கும். ஆடிக் கிருத்திகை, தைப்பூச நாட்களில் இரத்தினகிரி, வள்ளிமலை இரண்டிலும் காவடிக் கூட்டம். வள்ளிமலையில் மாசித் தேரும் பெரிய திருவிழா.

கார்த்திகை மாதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சோளிங்கர் நரசிம்மர் கார்த்திகையில் கண் திறந்து பார்க்கிறார் என்பது நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் படியில் கால் வைக்க இடம் இருக்காது. அதே மாதக் கடைசி ஞாயிறு விரிஞ்சிபுரத்தில் கடை ஞாயிறு. குழந்தை வரம் வேண்டும் பெண்கள் இரவிலேயே வந்து சிம்ம தீர்த்தத்தில் நீராடி, ஈரத்துணியோடு கோயிலில் படுத்திருப்பார்கள். வேண்டுதல் இருப்பவர்களுக்கு அதுதான் நாள். சிற்பம் பார்க்கப் போகிறவர்கள் அன்றைக்குப் போகாதீர்கள், அவர்களுக்கும் இடைஞ்சல், உங்களுக்கும் ஒன்றும் தெரியாது.

கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதே வெள்ளிக்கிழமை பொற்கோயிலில் கூட்டம் அதிகம். ஆக, வெள்ளியன்று நகரத்தைச் சுற்றும் திட்டம் வேண்டாம்.

மாதத்தைப் பொறுத்தவரை மார்கழி, தை, மாசி மூன்றும் நல்லவை. சித்திரை, வைகாசியில் இங்கே 40 டிகிரியைத் தாண்டும். உள்ளூர்க்காரர்களே பத்து மணிக்கு மேல் வெளியே தலைகாட்டுவதில்லை.

3. எங்கே இறங்குவது, எங்கே தங்குவது

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் பெரிய ரயில்களுக்குக் காட்பாடி ஜங்ஷன்தான் நிறுத்தம். காட்பாடி பாலாற்றின் வடகரை, வேலூர் நகரம் தென்கரை, நடுவில் பாலம். வெளியே வந்ததும் 1, 2 என்ற எண்ணுள்ள டவுன் பஸ்கள் நகரத்துக்குள் போகும். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. அதனால் நான்கு பேர் குடும்பமாக வந்தால் ஆட்டோவைவிட இதுதான் லாபம்.

நகரத்தில் பேருந்து நிலையம் இரண்டு. வெளியூர்ப் பேருந்துகள் புதிய பேருந்து நிலையத்தில். உள்ளூர், கிராமப் பேருந்துகள் பெரும்பாலும் பழைய பேருந்து நிலையத்தில். கோட்டை பழைய பேருந்து நிலையத்தின் பக்கம். "பஸ் ஸ்டாண்ட்" என்று மட்டும் சொல்லி, வேறு நிலையத்தில் காத்திருந்து ஒரு மணி நேரத்தைத் தொலைக்கிறவர்கள் தினமும் உண்டு.

தங்குவதற்குச் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி விடுதிகள் நெருக்கியடித்து இருக்கும். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வந்தவர்கள் வாரக்கணக்கில் அங்கே தங்குகிறார்கள். ஊர் பார்க்க வருகிறவர்கள் காட்பாடி பக்கமோ புதிய பேருந்து நிலையத்தின் பக்கமோ அறை எடுப்பதே நியாயம் என்பது என் கருத்து. நோயாளியோடு வந்து, ரிப்போர்ட் வரும்வரை இரண்டு நாள் சும்மா இருப்பவர் நீங்கள் என்றால் கதை வேறு. உங்களுக்கு 6-ஆம் பகுதியில் உள்ள நகரச் சுற்று போதும், எல்லாம் கூப்பிடு தூரம்.

வண்டி பேசும்போது இடங்களை ஒவ்வொன்றாக அவிழ்க்காதீர்கள். "அண்ணா, விரிஞ்சிபுரம், பள்ளிகொண்டா, அங்கேருந்து ஸ்ரீபுரம். ராத்திரி எட்டரைக்குத் திரும்பணும். வெயிட்டிங்கோட சேர்த்து எவ்வளவு?" என்று முழுசாகக் கேளுங்கள். வழியில் "அப்படியே இன்னொரு கோயில்" என்று சேர்க்கும்போதுதான் தகராறு வருகிறது.

4. பையில் இருக்க வேண்டியவை

உடை முதலில். பொற்கோயிலில் அரைக்கால் சட்டை, லுங்கி, நைட்டி போன்றவற்றோடு உள்ளே விடமாட்டார்கள். ஆண்கள் வேட்டியோ முழுக்கால் பேன்ட்டோ, பெண்கள் சேலை, சுடிதார். இதை விடுதியிலிருந்து கிளம்பும்போதே பாருங்கள். வாசலில் போய்த் தெரிந்தால் திரும்ப வேண்டியதுதான். தர்காவுக்கும் போவதாக இருந்தால் தலையில் போட்டுக்கொள்ள ஒரு கைக்குட்டை அல்லது துப்பட்டா.

செருப்புக்கு ஒரு துணிப்பை. கிராமத்துக் கோயில்களில் காலணி பாதுகாக்கும் இடம் எப்போதும் இருக்காது. பருத்திக் காலுறை ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பிரகாரத்துக்கு உதவும், சன்னதிக்குள் கழற்றிவிடலாம்.

திரும்பும் ரயில் டிக்கெட்டைக் காகிதத்தில் எடுத்துவையுங்கள். வண்டிக்காரர் எண்ணையும் எழுதிவையுங்கள். பொற்கோயிலில் செல்போனை வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக முடியும். எல்லாம் போனுக்குள்ளேயே இருந்தால் நாலு பேர் நாலு பக்கம் தேடிக்கொண்டு நிற்க வேண்டும்.

பத்து, இருபது ரூபாய்த் தாள்கள், தண்ணீர், ஒரு துண்டு. வெளியில் தெரிகிற மாதிரி பழமோ பிளாஸ்டிக் கவரோ வேண்டாம். மலைக் கோயில்களில் குரங்குகளுக்கு அந்தச் சரசரப்புச் சத்தம் நன்றாகத் தெரியும்.

5. ஒரு நாளை எப்படிப் பிரிப்பது

பெரும்பாலான கோயில்களில் காலை ஆறு ஆறரைக்குத் திறந்து, பன்னிரண்டு மணி வாக்கில் சாத்தி, மாலை நான்குக்கு மேல் மறுபடி திறக்கிறார்கள். கிராமத்துக் கோயிலில் அர்ச்சகர் ஒருவரே இரண்டு மூன்று கோயில் பார்ப்பதும் உண்டு. அங்கே பதினொன்றுக்கே சாத்திவிடலாம்.

அதனால் பொழுதை நாலாகப் பிரியுங்கள். விடியலில் மலை, ஏனென்றால் படிக்கட்டுக் கல் எட்டு ஒன்பதுக்கு மேல் சூடேறிவிடும். காலை பதினொன்றுக்குள் பெரிய கோயில்கள். நடை சாத்திய நேரத்தில் சாப்பாடு, ஓய்வு, கூரை உள்ள இடங்கள். நாலு மணிக்கு மேல் கோட்டை மதில், கல்லறை மண்டபங்கள் போன்ற திறந்தவெளி இடங்கள் அல்லது இன்னொரு கோயில். பொற்கோயில் மட்டும் இடையில் சாத்தாது, இரவு எட்டு வரை இருக்கும். அதைக் கடைசியில் வையுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு. எப்போதும் திறந்திருக்கும் இடத்தைக் காலையில் பார்த்துவிட்டு, பன்னிரண்டுக்குச் சாத்தும் இடத்துக்குப் பன்னிரண்டரைக்குப் போய் நிற்கிறார்கள்.

6. முதல் நாள்: கோட்டையும் நகரமும்

காலை ஏழு மணிக்கெல்லாம் கோட்டைக்குள் போய்விடுங்கள். அகழிப் பாலத்தைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் நேராக ஜலகண்டேஸ்வரர் கோயில். முதலில் சாமி தரிசனம், அப்புறம் கல்யாண மண்டபம். மண்டபத்தில் நின்றுவிட்டால் நேரம் போவது தெரியாது. அதற்குள் சன்னதியில் வரிசை நீண்டுவிடும்.

ராஜகோபுரத்தைத் தாண்டியதும் இடப்பக்கம் இருப்பது அந்த மண்டபம். பின்கால்களில் எழும்பி நிற்கும் குதிரைகளும் யாளிகளும் கொண்ட முன்வரிசைத் தூண்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். விதானத்தின் நடுவே விரிந்த தாமரை, அதைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகள். கோயிலுக்குள் ரிஷபகுஞ்சரம் என்ற சிற்பமும் இருக்கிறது. காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொண்டவை. ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. குழந்தைகள் இருந்தால் அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இடம் தெரியவில்லை என்றால் கோயில் ஊழியரைக் கேளுங்கள், காட்டுவார்கள்.

இந்தக் கோயிலில் நெடுங்காலம் மூலவர் இல்லை. 1981-இல்தான் லிங்கத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். இன்று வழிபாடு நடக்கிறது, கட்டடமோ தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதனால் தூணில் குங்குமம் தடவுவது, கண்ட இடத்தில் விளக்கேற்றுவது எல்லாம் கூடாது. கற்பூரக் கரி ஏறிய சிற்பத்தைச் சுத்தம் செய்வது சாதாரண வேலை இல்லை.

பத்து மணிக்கு மேல் அருங்காட்சியகம். வெயில் ஏறும் நேரத்துக்கு அதுதான் சரி. திப்பு மஹால், ஹைதர் மஹால், செயின்ட் ஜான்ஸ் தேவாலயம், மசூதி எல்லாம் அதே வளாகத்தில். 1799-இல் திப்பு சுல்தான் இறந்த பிறகு அவர் குடும்பத்தை வைத்திருந்த இடம் இந்தக் கோட்டை. 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி நடந்ததும் இங்கேதான். மஹால்களில் அரசு அலுவலகப் பயன்பாடு இருந்துவந்திருக்கிறது, எல்லாக் கதவும் திறந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகருங்கள்.

பன்னிரண்டுக்குக் கோட்டையை விட்டு வந்துவிடுங்கள். சாப்பிட்டுத் தூங்குங்கள். தூங்கச் சொல்வது விளையாட்டில்லை. மதியம் இரண்டு மணிக்கு மதில் மேல் நடந்து மயங்கியவர்களை உட்காரவைத்து மோர் வாங்கிக் கொடுப்பது இங்கே அடிக்கடி நடப்பதுதான்.

நாலரைக்கு மறுபடி கிளம்பி, முதலில் பாலாற்றங்கரையில் உள்ள முத்து மண்டபம். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரைப் பிரிட்டிஷார் வேலூர்க் கோட்டையில்தான் சிறை வைத்திருந்தார்கள். 1832-இல் இங்கேயே இறந்தார். அவர் கல்லறை இந்த மண்டபத்தில். பிறகு கோட்டைக்குக் கிழக்கே திப்பு குடும்பத்தாரின் கல்லறைகள். ஹைதர் அலியின் மனைவி பக்ஷி பேகம், திப்புவின் மனைவி பாதுஷா பேகம் இருவரும் அங்கே அடக்கம். வழிபாட்டு அமைதி உள்ள இடம், படமெடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் மக்கான் சந்திப்பில் சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூண். கடைசியாகக் கோட்டை மதிலும் அகழியும். அனுமதி உள்ள பகுதியில் மட்டும் ஏறுங்கள், கைப்பிடி இல்லாத விளிம்புகள் உண்டு. இந்த வரிசைக்குக் காரணம், தூரமாக இருப்பதை வெளிச்சம் இருக்கும்போது முடித்துவிட்டால், இருட்டும் நேரத்தில் நீங்கள் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருப்பீர்கள்.

7. இரண்டாம் நாள்: தென்கரைக் கோயில்கள், மாலையில் பொற்கோயில்

பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே சுமார் 15 கிலோமீட்டரில் விரிஞ்சிபுரம், இன்னும் கொஞ்சம் போனால் பள்ளிகொண்டா. இரண்டும் பாலாற்றின் தென்கரை. விரைவுப் பேருந்துகள் விரிஞ்சிபுரத்துக்கு நிற்காது. சாதாரணப் பேருந்தில் செதுவாலையில் இறங்கி உள்ளே போக வேண்டும். ஏறும்போதே நடத்துனரிடம் நிற்குமா என்று கேளுங்கள்.

விரிஞ்சிபுரம் முதலில். மார்க்கபந்தீஸ்வரர், மரகதாம்பிகை. "விரிஞ்சை மதிலழகு" என்று சொல்வழக்கே உண்டு. அந்த மதிலை வெளியே ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு உள்ளே போங்கள். உள்ளே போய் வெளியே வந்தால் கால் வலியில் மதிலை விட்டுவிடுவீர்கள். சிங்க முகம் வழியாக இறங்கும் சிம்ம தீர்த்தம் சாதாரண நாட்களில் பூட்டியிருக்கும். "திறந்து காட்டுங்கள்" என்று யாரையும் நச்சரிக்க வேண்டாம்.

இங்கே தவறவிடக் கூடாத பொருள், நேரம் காட்டும் கல். அரைவட்டமாக எண்கள் செதுக்கிய பலகைக் கல். மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால், அதன் நிழல் விழும் எண்தான் மணி. கையில் கட்டிய கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வெயில் இருந்தால்தான் வேலை செய்யும். அதனால்தான் இந்தக் கோயிலுக்கு விடியற்காலை வேண்டாம், எட்டு மணிக்கு மேல் போங்கள் என்கிறேன். ஈர்க்குச்சி ஒன்று கையோடு கொண்டுபோனால் அங்கே தேட வேண்டாம்.

பத்து மணிக்குள் கிளம்பினால் பள்ளிகொண்டா உத்தர ரங்கநாதரை நடை சாத்துவதற்குள் நிதானமாகச் சேவிக்கலாம். சயனக் கோலம், முகம், நாபி, திருவடி என்று ஒழுங்காகப் பார்க்க இரண்டு நிமிடம் வேண்டும். பதினொன்றே முக்காலுக்கு ஓடிப்போய் நின்றால் அந்த இரண்டு நிமிடம் கிடைக்காது.

பள்ளிகொண்டாவிலிருந்து திரும்ப வேலூர் வந்து பொற்கோயில் போவதைவிட, அணைக்கட்டு, ஊசூர் என்ற ஊர்கள் வழியாகப் போவது சுற்று குறைவு. சொந்த வண்டியோ பேசிய வண்டியோ இருந்தால் இதையே எடுங்கள். வழியில்தான் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் விளையும் ஊர்கள். காம்பில் முள் இருக்கும், புவிசார் குறியீடு வாங்கிய காய். சமையலறை இருக்கும் வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் ஒரு கிலோ வாங்கிக்கொள்ளலாம்.

ஸ்ரீபுரத்துக்கு நாலரை, ஐந்துக்குப் போய்ச் சேருங்கள். 2007-இல் திறந்த கோயில் இது, பழைய கோயில்களில் உள்ளதுபோல் கல்வெட்டோ சிற்பத் தூணோ தேட வேண்டாம். நட்சத்திர வடிவப் பாதையில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நடந்துதான் தங்கக் கூரை வேய்ந்த லக்ஷ்மி நாராயணி சன்னதிக்குப் போக முடியும். பாதிப் பாதையில் திரும்ப நினைத்தாலும் சுலபமில்லை. அதனால் நுழைவதற்கு முன் கழிவறை, தண்ணீர், குழந்தைக்குச் சாப்பாடு எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள்.

செல்போன், கேமரா, பை, செருப்பு எல்லாம் வெளியே கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன்பே, "யார் பிரிந்தாலும் செருப்பு கொடுத்த இடத்தில் நிற்க வேண்டும்" என்று வீட்டார் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். சொல்லாத குடும்பங்களை வாசலில் தினமும் பார்க்கலாம். அப்பா ஒரு பக்கம், பாட்டி ஒரு பக்கம், போன் பெட்டிக்குள். டோக்கனை ஒருவரிடமே மொத்தமாகக் கொடுக்காதீர்கள்.

சாயங்காலம் போவதற்கு இரண்டு காரணம். பளிங்குப் பாதை சுடாது. அப்புறம், இருட்டத் தொடங்கி விளக்குப் போடும்போதுதான் அந்தத் தங்கமும் சுற்றியுள்ள தண்ணீரும் எடுப்பாகத் தெரியும். பகல் வெளிச்சத்தில் கண் கூசும், அவ்வளவுதான்.

8. மூன்றாம் நாள்: பொன்னையாற்றுப் பக்கம்

கூட்டம் குறைவாகவும் பொருள் அதிகமாகவும் இருக்கும் நாள் இது. நேரம் குறைவாக இருப்பவர்கள் முதலில் வெட்டுவதும் இதைத்தான். நானாக இருந்தால் மற்ற இரண்டில் ஒன்றை வெட்டுவேன்.

வண்டி வேண்டும். பேருந்து உண்டு, ஆனால் ஒன்றை விட்டால் அடுத்ததற்குக் காத்திருந்தே நடை சாத்தும் நேரம் வந்துவிடும். ஆறு மணிக்கு வேலூரை விட்டுக் கிளம்பி, சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வள்ளிமலைக்கு முதலில் போங்கள். வழியில் வரும் திருவலம், மேல்பாடி இரண்டிலும் இறங்க வேண்டாம், அவை திரும்பும்போது.

அடிவாரத்தில் ஒரு முருகன் கோயில், மேலே பாறையைக் குடைந்த கோயில். நானூற்றுச் சொச்சம் படி. திருப்புகழைப் பரப்பிய வள்ளிமலை சுவாமிகள் வாழ்ந்த ஆசிரமமும் மலையில்தான். பலரும் தவறவிடுவது சமணக் குகை. பாறைச் சரிவின் கீழ் தீர்த்தங்கரர் சிற்பங்கள், மேலைக் கங்க அரசன் இராசமல்லன் பெயருள்ள கல்வெட்டு. அது முருகன் கோயில் படி வழியில் நேராக வராது. மலையேறுவதற்கு முன்பே அடிவாரக் கடையில் "சமணர் சிற்பம் எந்தப் பக்கம்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேலே ஏறி இறங்கிய பிறகு கேட்டால், போகக் கால் வராது. சிற்பத்தின் மேல் கை வைக்கவோ, எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணாம்பு தேய்க்கவோ கூடாது.

ஒன்பதரைக்கு இறங்கினால் மேல்பாடி. பொன்னையாற்றங்கரையில் சோமநாதீஸ்வரர் கோயிலும், கொஞ்சம் தள்ளி அரிஞ்சிகை ஈசுவரமும். இரண்டாவது, ஆற்றூரில் இறந்த தன் பாட்டனார் அரிஞ்சய சோழருக்காக முதலாம் இராஜராஜன் எடுத்த பள்ளிப்படை, அதாவது இறந்தவர் நினைவாகக் கட்டிய கோயில். சிறிய கற்கோயில், பத்தடி தள்ளி நின்றால் முழுதும் கண்ணுக்குள் அடங்கும். சுவரில் கல்வெட்டு வரிகளைப் பார்க்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன் பாட்டனுக்குக் கட்டியது இது என்று தெரிந்து பார்த்தால்தான் இங்கே நிற்கத் தோன்றும். தெரியாமல் வந்தவர்கள் "இவ்வளவுதானா" என்று வண்டியில் ஏறிவிடுகிறார்கள். பூட்டியிருந்தால் அக்கம்பக்கத்தில் காவலரைக் கேளுங்கள்.

பதினொன்றுக்குள் திருவலம் வில்வநாதேஸ்வரர். சம்பந்தர் பாடிய தலம். நந்தி இறைவனைப் பார்க்காமல், முதுகைக் காட்டியபடி வாசல் பக்கம் பார்த்திருக்கும். அபிஷேகத்துக்குக் காஞ்சனகிரியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தவரை அசுரன் தொல்லை செய்ய, நந்தி அவனைத் துரத்தப் போய் இன்னும் காவலாக அந்தப் பக்கமே பார்த்திருக்கிறது என்பது தலபுராணம். நந்தி காதில் வேண்டுதல் சொல்லப் பழகியவர்கள் இங்கே எந்தப் பக்கம் நிற்பது என்று ஒரு கணம் திணறுவதைப் பார்க்கலாம்.

வேலூருக்குத் திரும்பக் காட்பாடி சாலை. மாறாக, அங்கிருந்து இராணிப்பேட்டை பக்கம் போனால் அடுத்த பகுதியின் ஆற்காட்டை மாலையில் முடித்துவிடலாம்.

9. ஆற்காடு, இரத்தினகிரி, தனியாகச் சோளிங்கர்

ஆற்காட்டில் பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. நவாப் கோட்டையில் மிச்சம் இருப்பது பாலாற்றங்கரையில் உள்ள டெல்லி கேட் வாசல். 1751-இல் ஆங்கிலேயத் தளபதி கிளைவ் உள்ளே இருந்து முற்றுகையைத் தாங்கிய கோட்டை இதுதான். அரை மணி நேரம் போதும். திப்பு மஸ்தான் அவுலியா தர்காவுக்கும் போய்வாருங்கள். திப்பு சுல்தானுக்குப் பெயர் வந்தது இந்த மகானால். தலையை மூடிக்கொண்டு உள்ளே போக வேண்டும். ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன் மக்கன் பேடா என்ற இனிப்பு. ஆற்காடு வரை வந்து அதை வாங்காமல் போகிறவர்களை எனக்குப் புரிவதில்லை.

இரத்தினகிரி பாலமுருகன் கோயில் ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டிய குன்று. திரும்பும் வழியில், ஐந்து மணிக்கு மேல் போங்கள்.

சோளிங்கருக்கு ஒரு நாளைத் தனியாக ஒதுக்குங்கள். யோக நரசிம்மர் இருக்கும் பெரிய மலைக்கு 1305 படி; யோக ஆஞ்சநேயர் இருக்கும் சின்ன மலைக்கு நானூறுக்கு மேல். 2024 முதல் பெரிய மலைக்கு ரோப் கார் இருக்கிறது. வயதானவர்களுக்கு அது பெரிய உதவி, ஆனால் பராமரிப்புக்காக நிறுத்தும் நாட்களும் கூட்ட நாட்களும் உண்டு. ரோப் காரை மட்டுமே நம்பிப் பாட்டியை அழைத்துப் போவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். பெரிய மலை முதலில், சின்ன மலை பிறகு என்பதே வழக்கம். உடம்புக்கும் அதுதான் நல்லது. குரங்குகள் கண்ணாடியைக் கூட விடாது. கண்ணாடி இல்லாமல் படி தெரியாதவர்கள் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

10. ஆற்றைப் பற்றி

பாலாற்றங்கரை என்று படித்துவிட்டுத் தண்ணீர் பார்க்க வருகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். வருடத்தில் பெரும்பகுதி மணலும் முட்புதரும்தான். ஆற்றில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போகலாம் என்ற திட்டம் வேண்டாம், அறையிலேயே குளித்துவிடுங்கள்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிலைமை தலைகீழ். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியது. அதே ஆண்டு டிசம்பரில் திருவலம் அருகே பொன்னையாற்று ரயில் பாலத்தில் பழுது கண்டுபிடித்து, காட்பாடி வழி ரயில்கள் பல ரத்தாயின. ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்கள் தரைப்பாலம் வழியாகப் போகும் குறுக்குச் சாலைகளைத் தவிர்த்து, பெரிய பாலங்கள் வழியாகவே போங்கள். "இப்பத்தான் ஒரு வண்டி போச்சு" என்று யாராவது சொன்னாலும், தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தில் இறங்காதீர்கள்.

11. ஒரே நாள்தான் இருக்கிறது என்றால்

காலை ஏழு மணிக்கு ஜலகண்டேஸ்வரர், ஒன்பதுக்குள் கல்யாண மண்டபம் முடித்துக் கிளம்பி, பத்துக்கு விரிஞ்சிபுரம். பதினொன்றரைக்குத் திரும்பி வேலூரில் சாப்பாடு, ஓய்வு. நாலு மணிக்கு ஸ்ரீபுரம் புறப்பட்டால் ஏழு, ஏழரைக்கு வெளியே வரலாம். கூட்ட நாளாக இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அங்கிருந்து காட்பாடி போக நகரத்தைக் கடந்து பாலாற்றுப் பாலத்தையும் தாண்ட வேண்டும். சாயங்கால நெரிசலில் அது முக்கால் மணி நேரத்தையும் தாண்டும். அதனால் பத்து மணிக்கு முந்தைய ரயிலில் டிக்கெட் போடாதீர்கள்.

முதியவர்கள் கூட இருந்தால் ஸ்ரீபுரத்தை விட்டுவிட்டு, அந்த மாலையில் முத்து மண்டபத்தையும் கோட்டை அகழியையும் வையுங்கள். நடை குறைவு, உட்கார இடம் உண்டு, அறைக்குத் திரும்ப ஆட்டோவும் பக்கத்திலேயே கிடைக்கும்.